கல்விக்கடனும் வினைக்கடனும்

கடன் என்னுஞ் சொல் தமிழில் ஒரு பொருளோடு அமைவதன்று. பிறனிடத்து வாங்கித் திருப்பித் தருதற்குரியதும் கடன்; ஒருவன் தவறாது செய்தற்குரிய முறைமையும் கடன்; இறந்தார்க்கு இருந்தார் ஆற்றுவதும் கடன்; தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதும் கடன். வாங்கியதைத் தருதலையும் செய்யத்தக்கதைச் செய்தலையும் ஒரே சொல்லால் நம் முன்னோர் வழங்கியது சொற்பஞ்சத்தாலன்று. பொருளைத் திருப்பாதான் முறைமை தவறியவன் என்னுங் கருத்து அச்சொல்லினுள்ளேயே உறைகின்றது. முறைமையில் வழுவி ஒருவன் தலைமேல் ஏற்றப்பட்டது கடனாகுமோ என்னும் வினாவும் அதனுள்ளேயே உறைகின்றது.

புறநானூற்று 312ஆம் பாட்டிற் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், காளை என்னும் ஐவர்க்கும் உரிய கடன்களை வகுத்தோதினார். ஆண்டு மகனைச் சான்றோனாக்குதல் தந்தையின் கடனாகவே வைக்கப்பட்டது. காளையின் கடனாகச் சொல்லப்பட்டது அவன் பின்னர்ப் போர்க்களத்திற் செய்யுஞ் செயல். தன்னை ஆக்கிய செலவை அவன் வட்டியொடு திருப்புக என்று அப்பாட்டிற் காண்கிலேம். வடநூலாரும் மக்கள் மூவகைக் கடனொடு பிறக்கின்றனர் என்பர்; அவற்றுள் முனிவர்க்குரிய கடன் ஓதுதலாற் கழியும் என்பது அவர் துணிபு. ஆகவே, கற்றல் என்பது பண்டைக் கொள்கையிற் கடனைத் தீர்க்குஞ் செயல். கடனை ஈட்டுஞ் செயலன்று.

இக்காலத்து அது தலைகீழாயிற்று. 2001ஆம் ஆண்டில் இந்திய பாங்குகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்தின்வழிக் கல்விக்கடன் நாடெங்கும் பரவிற்று. நான்கு இலட்சம் ரூபாய்வரை ஈடு வேண்டா. தாயோ தந்தையோ உடன்கடன்பட்டோராய்க் கையொப்பமிட்டாற் போதும். படிப்புக் காலமும் அதன்மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டா. இத்திட்டத்தால் ஏழைக் குடியிற் பிறந்தார் பலர் பொறியியலும் மருத்துவமும் கற்று உயர்ந்தனர் என்பதை மறுப்பார் யாரும் இலர்; யாமும் மறுக்கிலேம். நிலமும் நகையும் இல்லாதான் மகன் கல்லூரி வாயிலை மிதித்தது இதனாலன்றோ? ஆயினும், உயராதார் நிலை யாது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

மேற்கு மாம்பலத்தில் ஆரியகவுடா சாலைக்கு அணித்தாகிய ஒரு தெருவில் யாம் வாரந்தோறும் திருத்தொண்டர் புராணம் விரித்துரைத்து வருகின்றோம். அதனைக் கேட்க வருவாருள் அலுவலினின்றும் ஓய்வுபெற்ற முதியார் ஒருவர் உளர். அவர் மகன் நகர்ப்புறத்துள்ள ஒரு கல்லூரியிற் பொறியியல் கற்றான். கற்ற துறையில் வேலை கிடைத்திலது. இப்பொழுது வீடுதோறும் உணவுப்பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்குந் தொழில் செய்கின்றான். நான்கு இலட்சமாக வாங்கியது ஏழு இலட்சத்தை எட்டிவிட்டது. அம்முதியார் ஒருநாள் யாவரும் போனபின் எம்மை அணுகி, "ஐயா, பையன் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கொடுத்தால் கடன் போகுமாம். பாவமும் போகுமா?" என வினவினார். வேறொன்றும் அவர் கேட்டிலர். கடனைக் குறைக்க வழி கேட்டிலர், பாங்கினரை நொந்துகொண்டுமிலர். வினா சிறிதாயினும் வினைக்கொள்கையின் வேரைத் தொடுவதாதலின், அதனை இப்பத்திரிகையிற் கற்றோர் அவையத்து வைக்கத் துணிந்தேம்.

முதற்கண் நான்கு ஏழாயவாறு காட்டுதும். ஆண்டுக்கு ஓர் இலட்சமாக நான்காண்டு பெற்றான் எனவும், வட்டி நூற்றுக்குப் பத்து எனவும் கணக்கின்பொருட்டுக் கொள்க. தவணை தொடங்கும்வரை தனிவட்டியே ஏறுவதாகக் கொள்ளினும், முதல் இலட்சத்துக்கு ஐந்தாண்டு, இரண்டாவதற்கு நான்கு, மூன்றாவதற்கு மூன்று, நான்காவதற்கு இரண்டு என வட்டி 1,40,000 ஆகும். எனவே, முதல்தவணை கட்டுநாளிற் கடன் 5,40,000. அதனைப் பத்தாண்டிற் செலுத்துவதாயின் மாதந்தோறும் ஏறக்குறைய 7,136 ரூபாய் கட்டல் வேண்டும். முடிவில் எட்டரை இலட்சத்துக்குமேற் செலுத்தியிருப்பான். மூன்றாண்டு ஒன்றுங் கட்டாதிருப்பானாயின் கூட்டுவட்டியால் நிலுவை ஏழு இலட்சத்தைக் கடக்கும். இதன்கண் வஞ்சனை ஒன்றுமில்லை. எண் தன் தொழிலைச் செய்கின்றது. பண்டைத் தருமநூலார் எண்ணுக்கும் ஓர் எல்லை கோலினர்; ஒரே காலத்து நிலுவையாகக் கோரப்படும் வட்டி முதலை விஞ்சலாகாது என்பது அவ்விதி. ஆங்கிலேயர் காலத்திற் பம்பாய் மாகாணத்திலும் கல்கத்தா நகரத்திலும் நீதிமன்றங்கள் இதனை ஏற்றன. சென்னை மாகாணத்தில் ஏலா. ஒழுங்காகத் தவணை கட்டுவானை அவ்விதி காவாதெனினும், கட்டமாட்டாது முடங்கினானைக் காக்கும்.

இனி, மஞ்சள் கடுதாசியாவது யாது? பட்ட கடனைத் தீர்க்க வலியில்லை எனக் கோர்ட்டில் முறையிட்டு, உள்ள பொருளை ஒப்படைத்து, எஞ்சிய கடனினின்றும் விடுதலை வேண்டுதல். வழக்கில் ஐ.பி. கொடுத்தல், திவாலாதல் என்பர். சென்னை நகரத்து எல்லையுள் வாழ்வார்க்கு இதற்குரியது 1909ஆம் ஆண்டு இராசதானி நகரங்களின் சட்டம். அதற்கு மூன்றாண்டு முன்னரே இந்நகரம் திவால் என்பதன் கொடுமையை உணர்ந்திருந்தது. 1906 அக்டோபர் 22இல் ஆர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. அதன்கட் பொருள் வைத்த குடும்பங்கள் பல வறுமையுற்றன. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் பதினெட்டுத் திங்கட் சிறைத்தண்டம் பெற்றார். அவ்வழிவின் பின்னரே, 1907இல், வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் இந்தியன் பாங்கு தோன்றிற்று. பிறர் பொருளைத் தன் துணிவினாற் சூதாடி இழந்த வணிகனும், திவாலாதற்குரிய நெறியில் நின்று தன் கடனுக்கு ஒருநாள் எல்லை காணலாம் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் வேண்டியிருக்கும்.

1909ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கடன்பட்டான் பொருள் முழுதும் கோர்ட்டின் அதிகாரியிடம் சேரும். ஆயின், அவன் தொழிற்கருவியும், அவனுக்கும் மனைவி மக்களுக்கும் இன்றியமையாத உடை, படுக்கை, சமையற்பாத்திரம் முதலியனவும், எல்லாஞ் சேர்ந்து 300 ரூபாய் மதிப்பிற்கு மேற்படாதனவாய், விலக்கப்பட்டுள்ளன. 1909இல் அத்தொகை ஒரு குடும்பத்தின் அடுக்களைக்குப் போதியது. இன்று ஓர் அழுத்தச்சமையற்கலமும் நான்கு தட்டும் வாங்கவே முட்டுப்படும். அஃது ஒருபுறங் கிடக்க. கருவியை விட்டுவைக்க வேண்டும் என்னும் அக்கருத்து உயர்ந்தது. அதனைப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

இன்னுமொன்று. கடன்பட்டான் விடுதலை பெற்றாலும், அவனோடு உடன்கட்டுண்டாரும் பிணைநின்றாரும் விடுதலை பெறார் என அச்சட்டம் விதந்து கூறுகின்றது. எனவே, மகன் மஞ்சள் கடுதாசி கொடுப்பின் அவன் பங்கு நீங்கும். தந்தை தலைமேல் முழுச்சுமையும் நிற்கும். தந்தை பட்ட கடனை மகன் தீர்ப்பது புண்ணியக் கடமை என இந்து தருமநூல் விதித்து, நீதிமன்றங்களும் நெடுங்காலம் அதனைச் செலுத்திவந்தன. 2005ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அக்கடமையை, அதன்பிற் பட்ட கடன்களைப் பொறுத்தவரை, நீக்கிற்று. தந்தை கடன் மகனைத் தொடராதென ஒருபால் விலக்கிய அதே காலத்து, மகன் கடன் தந்தையைத் தொடரும்படி மற்றொருபாற் படிவங்கள் அச்சிடப்பட்டன. இதனை எவரும் கருதிச் செய்தாரல்லர். ஆயினும் நேர்ந்தது இது.

2016ஆம் ஆண்டில் நொடிப்பு பற்றிய புதிய தொகுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தனிமனிதர்க்குரிய பகுதி 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிகளுக்குப் பிணைநின்றார்க்கு மட்டும் நடைமுறைக்கு வந்தது. ஏனையோர்க்கு அப்பொழுது விரிக்கப்பட்டிலது. அப்பகுதியின் 79ஆம் பிரிவில் 'விலக்கப்பட்ட கடன்' எனச் சில எண்ணப்பட்டுள்ளன. அவை எவை? நீதிமன்றம் விதித்த தண்டத்தொகை, கவனக்குறைவாலும் கடமை மீறலாலும் பிறர்க்கு விளைத்த தீங்குக்கு ஈடு, மனைவி மக்களுக்குக் கொடுக்க வேண்டிய வாழ்வூதியம், நான்காவதாகக் கல்விக்கடன். முன்னைய மூன்றும் குற்றத்தானும் கடமை துறத்தலானும் வருவன. அவற்றின் பந்தியிற் கல்வியை இருத்தியது யாது கருதி? 1909ஆம் ஆண்டுச் சட்டத்திற் கல்விக்கடன் என்று பெயர் குறித்து விலக்கியதில்லை. அக்காலத்து அப்பொருளே இல்லை. அன்னியர் செய்த பழஞ்சட்டம் வாய்திறவாது விட்டதனை, நாம் செய்த புதுச்சட்டம் பெயர் சொல்லி மறுக்கின்றது.

பிறநாட்டிலும் இதுவே போக்கு. அமெரிக்காவில் 1976இல் முதல் ஐந்தாண்டுக்கு மட்டும் கல்விக்கடன் திவாலாற் கழியாது என்றனர். பின்னர்க் காலத்தை நீட்டி, 1998இல் கால எல்லையையே எடுத்துவிட்டனர். 2005இல் தனியார் கொடுத்த கடனையும் இதனுட் சேர்த்தனர். தாங்கொணாத் துன்பம் என நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாலன்றி விடுதலையில்லை. இங்கிலாந்திலும் திவாலாற் கழியாது. ஆயினும் ஆண்டு ஒரு வேறுபாடு உண்டு. வருவாய் ஒரு வரம்பைக் கடந்தால், கடந்த பகுதியில் நூற்றுக்கு ஒன்பது செலுத்தினாற் போதும்; வரம்பிற்குட்பட்டால் ஒன்றும் வேண்டா; கடன் பெற்ற காலத்துக்கேற்ப முப்பது அல்லது நாற்பதாண்டில் எஞ்சியது தானே அழிந்துபோம். இவ்வேறுபாடு சித்தாந்திகளாகிய நமக்குப் பெரிதும் பயன்படும்.

கல்விக்கடனை விலக்கியதற்குச் சட்டம் வகுத்தார் பக்கத்து நியாயம் ஒன்று உண்டு. வீட்டிற்கு வாங்கிய கடனாயின் வீட்டைக் கைப்பற்றலாம். வண்டிக்கு வாங்கியதாயின் வண்டியைக் கொண்டுபோகலாம். கற்ற கல்வியை எவ்வாறு பறிமுதல் செய்வது? கள்வர் கொள்ளார், வெள்ளங் கொள்ளாது, அரசர் வவ்வார் என நம் நூல்கள் கல்விச் செல்வத்தைப் புகழ்ந்தன. அப்புகழ்ச்சியே ஈண்டுக் குற்றச்சாட்டாயிற்று. பறிக்கவொண்ணாத பொருளைக் கையில் வைத்துக்கொண்டே, பட்டம் பெற்ற மறுநாள் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டு, அதற்கடுத்த நாள் பெருஞ்சம்பளம் வாங்கப் புறப்படுவான் என்பது அவர் அச்சம். இவ்வச்சம் வறிதன்று. மனிதர் இயல்பறிந்தார் இதனை இகழார். ஆயின், கல்வி பறிபோகாது என்றாரேயன்றி, கல்வி நாளைக்கே விலைபோகும் என்று நம் முன்னோர் எவரும் கூறிற்றிலர். பறிபோகாமை வேறு, விலைபோதல் வேறு. கல்வி அழியாதாதலாற் கடனும் அழியலாகாது என்பார் இவ்விரண்டனையும் ஒன்றாக்கி மயங்கினர். பொறியியல் கற்று உணவுப்பொட்டலம் சுமக்கும் அவ்விளைஞன்பாற் கல்வி அழியாதே உளது. அதற்கு விலையே இன்று.

இனிச் சைவருள்ளும் ஒருசாரார் கடாவுவர்: 'செய்த வினை நுகர்ந்தே தீரும் என்பது நம் கொள்கை. வாங்கிய கடனும் அங்ஙனமே கொடுத்தே தீர்தல் வேண்டும். நீதிமன்றம் கடனைத் துடைத்தெறிதல் வினைப்பயனை மறுக்கும் நாத்திகத்தோடு ஒக்கும்' என. இக்கடா எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆதலின் நின்று விடுப்பாம்.

முதலாவது, வினையைக் கடன்கணக்காகக் காணுதல் உவமையளவிற்றே. இருவினையொப்பு என்பதனைச் சிலர் வரவுஞ் செலவும் சரியாதல் போல, நல்வினை தீவினைகள் எடையொத்து நிற்றல் எனக் கருதுவர். இஃது இக்காலத்து மேடைகளிற் பெரிதும் வழங்கும் பிழை. இருவினைப்பயனிலும் விருப்பு வெறுப்பின்றி உயிர் ஒப்ப நோக்கும் நிலையே இருவினையொப்பென ஆசிரியர் கொண்டனர். கணக்கன் ஏட்டில் ஒப்பு நிகழ்வதன்று. உயிரின் அறிவில் நிகழ்வது. உவமை இவ்வளவே என்றறிந்து மேற்செல்க.

இரண்டாவது, வினை சடம். அது தானே சென்று செய்தானைப் பற்றாது. பற்றுவித்து ஊட்டுவான் முதல்வன் என்பது சிவஞான போதம் இரண்டாஞ் சூத்திரத்தும், அதன்வழி நூலாகிய சித்தியாரிலும் நிறுவப்பட்டது. மீமாஞ்சகரோடு நாம் மாறுபடுவது இவ்விடத்தேயாம். வினையே தன் பயனைத் தரும் என்பார்க்கு இரக்கத்துக்கு இடமில்லை. ஊட்டுவான் ஒருவன் உளன் என்பார்க்கு உண்டு. அவன் ஊட்டுமாறு எங்ஙனம்? பல பிறவியில் ஈட்டிக் கிடக்கும் சஞ்சிதம் முழுதையும் ஒரு பிறவியில் உயிரின் தலைமேற் கவிழ்ப்பானல்லன். அதனுட் பக்குவமாயதை மட்டும் எடுத்து, இவ்வுடம்பு தாங்குமளவு அளந்து, பிராரத்தமாக ஊட்டுகின்றான். அதுவுமன்றி, ஊட்டுதற்கு முன்னரே தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் கொடுக்கின்றான். கடன்பட்டானுக்குக் கடன் தீர்க்குங் கருவியைக் கொடுத்தபின் அன்றோ கடனைக் கேட்கின்றான்? கருவியையும் பறித்துக்கொண்டு கட்டு கட்டு என்பது முதல்வன் தொழிலிற் காணப்படாதது. 300 ரூபாய்க்குத் தொழிற்கருவியும் அடுக்களைக்கலமும் விட்டுவைத்த 1909ஆம் ஆண்டுச் சட்டம், தான் அறியாமலே இந்நெறியிற் சிறிது நின்றது.

மூன்றாவது, சஞ்சிதம் நுகர்ந்தே தீரும் என நாம் சொல்வதில்லை. நிருவாண தீக்கையில் அத்துவாக்களைச் சோதித்து ஆசிரியன் அதனைப் போக்குகின்றான். பிராரத்தம் உடலூழாய் நுகர்ந்து கழியும். ஆகாமியம் ஞானத்தால் ஏறாது விலகும். மூன்றுக்கும் மூன்று வழி. கடனை இம்முறையில் நோக்குவார்க்கு ஓர் ஒழுங்கு புலப்படும். குவிந்து கிடக்கும் நிலுவை சஞ்சிதம் போல்வது. அதனைத் துடைத்தல் தருமத்துக்கு மாறன்று, துடைப்பான் உரியவனாயின். இன்றைய வருவாயினின்றும் தாங்குமளவு செலுத்துதல் பிராரத்தம் போல்வது. அதனை ஒருவர்க்கும் விலக்குதல் கூடாது. மேலும் மேலும் கடன்படாதிருத்தல் ஆகாமியத்தைத் தடுத்தல் போல்வது; அஃது அறிவாலாவது. இங்கிலாந்தில் வருவாய்க்கேற்ப நூற்றுக்கு ஒன்பது கொண்டு, காலவெல்லையில் எஞ்சியதை அழிக்கும் ஏற்பாடு இவ்வொழுங்கிற்கு அணித்தாயிருக்கின்றது. நம் நாட்டு ஏற்பாடு சஞ்சிதம் அனைத்தையும் முதல்மாதத்திலிருந்தே பிராரத்தமாக ஊட்ட முயல்வது. உண்ணமாட்டாதவன் கக்குகின்றான், அவனைப் பொய்யன் என்கின்றோம்.

வன்றொண்டப் பெருமான் வரலாற்றில் ஓர் ஓலை வருகின்றது. பாட்டன் எழுதிக்கொடுத்த அடிமைப்பத்திரம் பேரனைக் கட்டுமென்று ஒரு முதியர் மணப்பந்தரிற் புகுந்து வழக்குரைத்தார். பாட்டன் கையெழுத்துப் பேரனைப் பிணிக்கின்றது என்பதனை மட்டும் எடுத்துக்கொண்டு, கடன்பத்திரம் எவரையும் எக்காலத்தும் விடாது என்பார் உளர். அவர் திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் செய்ததனை நோக்கிற்றிலர். வழக்குரைக்க வந்தவர் இறைவனே. ஆயினும், இவ்வழக்கு உலகியலில் இல்லாததாயிற்றே என அவையத்தார் முதலிற் கேட்டனர். ஆட்சியோ, ஆவணமோ, கண்டார் சான்றோ, எதனால் மெய்ப்பிப்பீர் என்றனர். மூலவோலையைக் கொணர்வித்தனர். அதன் எழுத்தைப் பாட்டனார் எழுதிய பிறிதோர் ஓலையோடு ஒப்புநோக்கினர். பின்னரே தீர்ப்புக் கூறினர். வழக்குரைப்பார் எத்துணைப் பெரியராயினும், வழக்கிடப்பட்டார் எத்துணை இளையராயினும், அவையத்தின் முறைமை மாறவில்லை.

இக்காலத்தோ, பாங்குகள் வாராக்கடனைத் திரட்டிப் பிறிதொரு கம்பெனிக்கு விற்றுவிடுகின்றன. கையொப்பமிட்டபொழுது பெயருங் கேட்டிராத ஒருவர் வாயிலில் வந்து நிற்கின்றார். அவையமும் இல்லை, ஒப்புநோக்கலும் இல்லை. தெருவாரறிய ஒரு கூச்சலே சான்றாகின்றது. 2016இல் மதுரையிற் கல்விக்கடன் பெற்றுப் பொறியியல் கற்ற இளைஞர் ஒருவர், கடன்மீட்போர் நெருக்கலுக்கு ஆற்றாது உயிர்நீத்தார் என்னுஞ் செய்தி தமிழகத்தை உலுக்கிற்று. இந்திய ரிசர்வ் பாங்கு 2022 ஆகஸ்டில், கடன்மீட்போர் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் கடன்பட்டாரை அழைத்தலாகாது, அச்சுறுத்தலும் இழிவுபடுத்தலும் ஆகா என ஆணையிட்டது. இவ்வாணையைக் கடன்பட்டோர் அறிதல் நன்று. நின் உரிமைப்பத்திரத்தைக் காட்டுக என்று வந்தாரைக் கேட்டல் பெரியபுராணம் கேட்ட செவியார்க்கு நாணத்தக்கதன்று.

திருப்பித்தர இயலாதென்றறிந்தும் கடன்வாங்கல் குற்றமன்றோ எனின், இளையான்குடிமாற நாயனாரை நினைக்க. நிலம் விற்று, பொருள் விற்று, விற்றற்கு ஒன்றுமில்லாதபொழுது தம்மையே ஈடாக்கத்தகும் கடன்களை வாங்கியும் அடியார்க்கு அமுதளித்தார் என்று சேக்கிழார் பெருமான் பாடுகின்றார். அக்கடன் கொடுத்தார் யாவர், அவர் பொருள் திரும்பியதா என்பவற்றை அவர் கூறிற்றிலர். ஆகலின், கடன்வாங்கலின் நலந்தீங்கு வாங்குவான் கருத்தை நோக்கியது. அன்றியும், கொடுத்தான் பக்கத்தும் ஒன்று உண்டு. பதினேழு பதினெட்டு ஆண்டு நிரம்பிய, ஒருகாசும் ஈட்டியறியாத சிறுவனுக்கு, அவன் சேரும் கல்லூரி எத்தகையது, அங்குக் கற்றார் எங்குளர் என்பன எல்லாம் அறிதற்குரிய பாங்கு நான்கு இலட்சம் கொடுக்கின்றது. திரும்பாது போதலுங் கூடும் என்னும் ஐயத்தின் விலையும் அதன் வட்டியினுள் அடங்கியதே. ஐயத்துக்கு விலை கொண்டவன், ஐயுற்றது நேர்ந்தபொழுது இழப்பில் ஒரு பங்கும் ஏலேன் என்பது வாணிக முறைமைக்கே பொருந்தாது; பின் அறத்துக்கு எங்ஙனம் பொருந்தும்? கல்லூரியார் பங்கினைக் கேட்பார் ஒருவருமிலர். கட்டணம் முழுதும் பெற்று, எதிர்மறையாய் ஒரு பொறுப்பும் இன்றி நிற்பவர் இவ்வழக்கில் அவர் ஒருவரே.

இவையெல்லாங் கூறியபின், அம்முதியார் வினாவிற்கு விடை வருமாறு. கடனினின்றும் சட்டவிடுதலை என்பது கடன்கொடுத்தான் நெருக்கும் உரிமையை நீக்குவது. கடன்பட்டான் உள்ளத்து வாய்மையை அது தொடுவதன்று. வலியிருந்தும் மறைத்து மஞ்சள் கடுதாசி கொடுப்பான் நீதிமன்றத்தில் விடுதலை பெறினும், அச்செயலால் ஆகாமியம் ஈட்டினான், அதனை நுகர்வான். வலியின்றி, மறையாது, உள்ளதை உள்ளவாறு கூறி விடுதலை பெறுவான் பாவமுடையனல்லன். கொடுக்கமாட்டாமை பாவமன்று, கொடாமையே பாவம். பின்னர் வலி வந்தக்கால், சட்டம் கேளாதாயினும், தாங்குமளவு திருப்புதல் அவன் கடன், கடமை என்னும் பொருளிற் கடன். இவ்வளவே யாம் அவரிடம் உரைத்தேம். உரைத்தபின், உடன்கையொப்பம் தம்முடையதாதலின் மகன் விடுதலை தம்மைக் காவாதென்பதனையும், பாங்கினரோடு பேசித் தவணையைப் பதினைந்தாண்டுவரை நீட்டிக்கொள்ள இடமுண்டோ என முன்னர் ஆராய்தல் வேண்டுமென்பதனையும், வழக்கறிஞர் ஒருவரைக் காணும்படியும் கூறினேம். பண்டிதனுக்கு இவையெல்லாம் எதற்கென்பாரும் உளர். வினைக்கொள்கை அறியாத வழக்கறிஞர் இருக்கலாம். வழக்கறியாத வினைக்கொள்கையாற் கேட்டார்க்குப் பயனில்லை.

எஞ்சியது மடங்களை நோக்கிய ஒரு விண்ணப்பம். முதல் இராசேந்திர சோழன் காலத்து, இன்றைய விழுப்புர மாவட்டத்து எண்ணாயிரத்தில் 340 மாணாக்கர் கற்ற கல்லூரி ஒன்று கோயிலைச் சார்ந்து நடந்தமை கல்வெட்டால் விளங்கும். ஓதுவார்க்கு நாடோறும் நெல் அளக்கப்பட்டது. அதற்கு நிலம் விடப்பட்டது. அது திருமால் கோயில். அதனால் நமக்கு யாது என்னற்க. கற்பான் உண்ட நெல்லைப் பின்னர்த் திருப்பவேண்டுமென்று அக்கல்வெட்டு விதித்ததில்லை. திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களும், அவர்பாற் கற்ற உ. வே. சாமிநாதையரவர்களும் மடத்து நிழலில் உண்டு கற்பித்ததும் கற்றதும் சென்ற நூற்றாண்டின் முந்தின நூற்றாண்டிலேயே. வித்தியாதானம் அன்னதானத்தோடு ஒருங்கு நின்ற நாள் நெடுந்தொலைவிலில்லை.

இன்று ஒரு மாணாக்கன் கல்லூரிச் செலவு முழுதையும் ஏற்றல் எல்லா மடத்துக்கும் இயல்வதன்று. அது வேண்டுவதுமில்லை. 2009இல் இந்திய அரசு ஏற்படுத்திய திட்டத்தின்படி, ஆண்டு வருவாய் நாலரை இலட்சத்துக்குட்பட்ட குடும்பத்து மாணாக்கர் தொழிற்கல்வி பயில்வாராயின், தவணை தொடங்கும்வரை ஏறும் வட்டியை அரசே செலுத்துகின்றது. வருவாய் அவ்வெல்லையைச் சிறிது கடந்தவரும், தமிழோ சைவ நூலோ கலைத்துறையோ பயில்வாரும் அதனுட் படார். மேற்கு மாம்பலம் போன்ற இடங்களில் வாடகைக்கு இருந்து வாழும் நடுத்தரக் குடும்பத்தார் பெரும்பாலும் இவ்விடைவெளியிலேயே வீழ்கின்றனர். அத்தகையான் ஒருவனுக்கு மேற்காட்டிய கணக்கின்படி முதலாண்டு வட்டி 10,000 ரூபாய், இரண்டாமாண்டு 20,000, மூன்றாமாண்டு 30,000, நான்காவதும் ஐந்தாவதும் ஆண்டுகளில் 40,000 வீதம். ஐந்தாண்டும் ஏற்பின் 1,40,000. அவன் தவணை தொடங்குநாளில் வாங்கிய நான்கு இலட்சமே நிற்கும், மாதத்தவணையும் 5,286 ரூபாய்க்கு இறங்கும். தொகையை மாணாக்கன் கையிற் கொடாது பாங்கிலுள்ள கடன்கணக்கிலேயே நேரே செலுத்தலாம். பெயரை வெளியிட வேண்டுவதில்லை. ஆடித் திங்களில் வகுப்புக்கள் தொடங்குதலின், வைகாசிக்குள் மாணாக்கரைத் தெரிந்துகொள்ளுதல் நன்று.